16,00,984: சந்திரக் கணக்கு தொடங்கும் வெள்ளிக்கிழமை

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் வல்லம். எங்கள் வீட்டில் சுவர் ஆணியில் ஒரு பஞ்சாங்கம் எப்போதும் தொங்கும். வருஷம் பிறந்தால் பழசு போய்ப் புதுசு வரும், ஆணி மாறாது. அது வாக்கியப் பஞ்சாங்கம். பக்கத்து வீட்டில் இருப்பது திருக்கணிதம். சனிப்பெயர்ச்சி வந்தால்தான் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வரும். 2023ஐ எடுத்துக்கொள்ளுங்கள். திருக்கணிதப்படி சனி கும்பத்துக்குப் போனது ஜனவரி 17. வாக்கியப்படி டிசம்பர் 20, திருநள்ளாற்றில் விழா நடந்ததும் அன்றைக்குத்தான். ஒரே சனி, ஒரே வானம், பதினோரு மாத வித்தியாசம்!

எது சரி என்று தீர்ப்புச் சொல்ல இதை எழுதவில்லை. அந்தச் சண்டைக்குப் பின்னால் போனபோது ஓர் எண் கிடைத்தது: 16,00,984. பதினாறு லட்சத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு. வாக்கிய முறையில் சந்திரக் கணக்கு இந்த எண்ணைக் கழிப்பதில்தான் தொடங்குகிறது. கொஞ்ச நாளாக இது என்னை விடவில்லை, அதனால்தான் இந்தக் குறிப்பு.

எதன் எண்ணிக்கை?

நாட்களின் எண்ணிக்கை. கி.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமையைக் கலியுகத்தின் தொடக்கம் என்று வைத்துக்கொண்டு, அன்றிலிருந்து எத்தனை நாள் கழிந்தது என்று எண்ணுவது நம் வானியல் நூல்களின் வழக்கம். அந்தத் தேதியில் யாரும் உட்கார்ந்து வானத்தைப் பார்த்து எழுதி வைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் கணக்கு வசதிக்காகப் பின்னோக்கிப் போய் நிறுத்திய தேதி அது. இப்படி எண்ணிக்கொண்டு வந்தால் 16,00,984 நாள் கழிந்த நாள் கி.பி. 1282 மே 22.

அன்றைக்கு அப்படி என்ன விசேஷம்? கிரகணம் கிடையாது, பௌர்ணமி கிடையாது, எந்த ராஜாவுக்கும் பட்டாபிஷேகம் என்று இந்தக் கணக்குக்குத் தேவையும் கிடையாது. சந்திரன் பூமியைச் சுற்றும்போது ஒரு சமயம் கிட்டே வருகிறது, ஒரு சமயம் தள்ளிப் போகிறது. மிகத் தள்ளி இருக்கும் புள்ளியைச் சித்தாந்த நூல்கள் ‘உச்சம்’ என்கின்றன. (ஜாதகத்தில் சொல்லும் உச்சம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 1282 மே 22 அன்று சூரிய உதயத்தில் சந்திரன் அந்தப் புள்ளியில் இருந்தது. அவ்வளவுதான் விசேஷம்.

நம்பலாமா என்று இன்றைய வானியல் சூத்திரங்களை வைத்து நானே ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். சராசரிச் சந்திரன் கிட்டப் புள்ளியிலிருந்து 180 பாகையில், அதாவது நேர் எதிரே தொலைவுப் புள்ளியில் நிற்கிறது. வித்தியாசம் ஒரு பாகைக்கும் குறைவு. எழுநூற்றைம்பது வருஷத்துக்கு அப்பால் இருந்து எவரோ கை நீட்டிச் சரிதான் என்று சொன்ன மாதிரி இருந்தது.

சந்திரன் உச்சத்தைத் தொடுவது சுமார் 27.55 நாளுக்கு ஒரு தடவை. அது நடுப்பகலாக இருக்கலாம், நள்ளிரவாக இருக்கலாம். சரியாகச் சூரிய உதயத்தில் வந்து சேரும் நாள் எப்போதாவதுதான் வாய்க்கும். அப்படி ஒரு நாளைப் பிடித்துவிட்டால் அதைக் கணக்கின் முதல் பக்கமாக வைத்துக்கொள்ளலாம். 16,00,984 அந்த முதல் பக்கம்.

எண்ணைப் பிரித்துப் பார்த்தால்

பெரிய எண் ஒன்று கையில் கிடைத்தால் முதலில் அதைப் பகாக் காரணிகளாக உடைத்துப் பார்ப்பது என் பழக்கம்.

16,00,984 = 2 × 2 × 2 × 7 × 11 × 23 × 113

இதில் 7 இருப்பதைக் கவனியுங்கள். ஏழால் மீதியில்லாமல் வகுபடுகிறது என்றால் முழு வாரங்களாக எண்ணியிருக்கிறோம் என்று அர்த்தம். கலி தொடங்கியது வெள்ளி, ஆகவே 1282 மே 22ம் வெள்ளி. தேதியை வைத்துத் தனியாகக் கணக்குப் போட்டாலும் வெள்ளிதான் வருகிறது. கலி நாளிலிருந்து இந்த எண்ணைக் கழித்தாலும் கிழமைக் கணக்கு நகராது, வசதிதான். ஆனால் இது திட்டமிட்டு வைத்தது என்று சொல்ல மாட்டேன். ஏழில் ஒரு வாய்ப்பு, விழுந்திருக்கிறது. மற்ற காரணிகளுக்கும் வானத்துக்கும் சம்பந்தம் இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் 28, அதைக் கூட்டினால் 10, பிறகு 1 என்று போகிறவர்கள் போகலாம், நான் வரவில்லை.

இந்த எண்ணின் நிஜமான குணம் காரணிகளில் இல்லை. அதன் கூட வருகிற மூன்று சின்ன எண்களில் இருக்கிறது: 12,372, 3,031, 248.

மூன்று எண்கள், ஒரு குடும்பம்

உச்சத்திலிருந்து உச்சத்துக்குச் சந்திரன் எடுக்கும் காலம் முழு நாளாக இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை. 27.55 என்று பின்னத்தில் நிற்பதுதான் தொல்லை. அப்படியானால் எத்தனை சுற்றுக்கு ஒருமுறை ஏறக்குறைய முழு நாள் கிடைக்கும்?

9 சுற்று = 248 நாள். சுமார் 13 நிமிஷம் பிசகு.
110 சுற்று = 3,031 நாள்.
449 சுற்று = 12,372 நாள்.

இந்த மூன்றும் தனித்தனியாகத் தேடிப் பிடித்த எண்கள் போலத் தெரியும். ஆனால் 3,031ஐ நான்கால் பெருக்கி 248ஐக் கூட்டுங்கள்: 12,372. சுற்றுகளிலும் அதே கதை, 110ஐ நான்கால் பெருக்கி 9ஐக் கூட்டினால் 449. ஒன்றிலிருந்து அடுத்தது பிறக்கிறது. முதல் எண்ணில் பிழை ஒரு பக்கம் சாய்கிறது, இரண்டாவதில் எதிர்ப்பக்கம். இரண்டையும் தக்க அளவில் கலந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். கல்லூரியில் தொடர் பின்னம் என்று சொல்லிக் கொடுப்பார்களே, அதே வித்தை.

ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு ‘துருவம்’ உண்டு. அத்தனை நாளில் சந்திரன் ராசி வட்டத்தில் எவ்வளவு நகர்ந்திருக்கும் என்ற அளவு, முழு வட்டங்களைத் தள்ளியது போக. 248க்கு 27 பாகை 44 கலை 6 விகலை. 3,031க்கு 337 பாகை 31 கலை 1 விகலை. 12,372க்கு 297 பாகை 48 கலை 10 விகலை. இரண்டாவதை நான்கால் பெருக்கி முதலாவதைக் கூட்டி, மூன்று முழு வட்டத்தைக் கழித்துப் பாருங்கள். 297 – 48 – 10. விகலை சுத்தமாக வருகிறது! தோராயமாக ஒட்டிப் போட்ட அட்டவணை இல்லை இது. யாரோ உட்கார்ந்து, உள்ளுக்குள் முரண் வராமல் கட்டியிருக்கிறார்கள்.

இந்த முறையைச் சொல்லும் நூலுக்கு ‘வாக்யகரணம்’ என்று பெயர். சுமார் கி.பி. 1300ஐச் சேர்ந்தது, எழுதியவர் பெயர் தெரியாது. குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் பதிப்பித்து, 1962ல் சென்னைக் குப்புசாமி சாஸ்திரி ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டது.

சோழியும் தேவாரமும்

இனி திண்டிவனத்தில் பஸ் மாறிப் புதுச்சேரிக்குப் போகலாம். வருஷம் 1825.

ஜான் வாரன் என்பவர் பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலப் படையில் சேர்ந்தவர். லாம்ப்டனோடு நில அளவையில் வேலை பார்த்தவர். 1805 முதல் 1811 வரை சென்னை வானாய்வகத்தைக் கவனித்துக்கொண்டார். தென்னாட்டுக் காலக்கணக்கு முறைகளைத் தொகுத்து ‘கால சங்கலிதம்’ என்ற பெரிய நூலை 1825ல் சென்னையில் வெளியிட்டார். 1830ல் புதுச்சேரியில் காலமானார்.

அந்தப் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் இருந்தார். வாரனின் எழுத்துக்கூட்டலில் அவர் ‘சாமி நாடென் சாஷியா’. சாமிநாத சேஷய்யா என்று இருந்திருக்கலாம். 1825 மே 31 – ஜூன் 1 இரவில் வரவேண்டிய சந்திர கிரகணத்தை அவர் வாரனுக்குக் கணித்துக் காட்டினார். காகிதம் இல்லை, எழுதுகோல் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, நகர்த்தி, வாயால் சில சொற்களைச் சொல்லிக்கொண்டே கணக்குப் போட்டார்.

அந்தச் சொற்களில் நான்கை வாரன் குறித்து வைத்திருக்கிறார். 16,00,984க்கு ‘வேதம்’. 12,372க்கு ‘ரசகரிக’ மாதிரி ஒன்று. 3,031க்கு ‘கலாநிலம்’. 248க்கு ‘தேவாரம்’.

என்ன இது, எண்ணுக்கும் தேவாரத்துக்கும் என்ன உறவு? இது கடபயாதி. வடமொழி மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம், உயிருக்கு மதிப்பில்லை, ஒற்றுக்கும் இல்லை, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். தே = 8, வா = 4, ர = 2. திருப்பினால் 248. கலாநிலம்: 1, 3, 0, 3. திருப்பினால் 3031. ரசகரிக: 2, 7, 3, 2, 1. திருப்பினால் 12372. ‘வேதம்’ என்பதில் 84 மட்டும் இருக்கிறது, பெரிய எண்ணின் வால். ஏழு இலக்கத்தை ஒரு சின்னச் சொல் தாங்காது இல்லையா, நீண்ட தொடர் ஒன்றின் தலைப்புச் சொல்லாக அது நின்றிருக்கும்.

இதில் ஓர் இடத்தில் நின்று யோசித்தேன். ‘ரசகரிக’ என்று தமிழ் எழுத்தில் எழுதினால் நடுவில் இருக்கும் க மூன்று, கடைசியில் இருக்கும் க ஒன்று. முதலாவது மெலிந்த ஒலி, இரண்டாவது வல்லொலி. தமிழ் எழுத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. த என்ற ஒரே எழுத்து 6, 7, 8, 9 நான்குமாக இருக்கலாம். கிரந்தத்தில் எழுதினால் பிரியும். தமிழ் ஏட்டில் படித்து இதைக் கற்க முடியாது, காதால் கேட்டுத்தான் கற்க வேண்டும். ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்கு வந்த எண்கள் இவை.

நாமே போட்டுப் பார்ப்போம்

1825 மே 31, கலி நாள் 17,99,312. அதிலிருந்து 16,00,984 போனால் 1,98,328. இதை 12,372ஆல் வகுக்க ஈவு 16, மீதி 376. 3,031 இதில் அடங்காது, ஈவு 0. 248ஆல் வகுக்க ஈவு 1, மீதி 128.

ஆக, நூற்றிருபத்தெட்டாம் வாக்கியம். மொத்தம் 248 வாக்கியங்கள், உச்சத்தில் தொடங்கி ஒவ்வொரு நாளும் சந்திரன் எங்கே இருக்கும் என்று சொல்பவை. வரருசி வாக்கியங்கள் என்று பெயர். பஞ்சாங்கக்காரருக்கு இவை மனப்பாடம். 128ஆம் நாளுக்குரிய நகர்வு, என் கணக்கில், ஏறக்குறைய 250½ பாகை. பெரிய எண்ணின் துருவம் 212 பாகையும் 7 விகலையும். அதோடு 12,372இன் துருவத்தைப் பதினாறு மடங்கும், 248இன் துருவத்தை ஒரு மடங்கும் கூட்டி, முழு வட்டங்களைத் தள்ளினால் சந்திரன் சுமார் 215 பாகையில் நிற்கிறது. அன்றைக்குச் சூரியன் ரிஷபத்தில், சுமார் 48 பாகை. நேர் எதிர்ப்புள்ளி 228. இன்னும் 13 பாகை பாக்கி. சந்திரன் சூரியனை ஒரு நாளில் முந்துவது பன்னிரண்டு, பதிமூன்று பாகை. ஆகவே பௌர்ணமி இன்னும் ஒரு நாளில், அதாவது மறுநாள் விடியலை ஒட்டி. கிரகணமும் அந்த இரவில்தான் வந்தது.

மூன்று வகுத்தல், கொஞ்சம் கூட்டல். கையில் கால்குலேட்டர் இருந்தும் எனக்கு இரண்டு தடவை தப்பிப் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பஞ்சாங்கக்காரரின் விடை எவ்வளவு சரி? கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிஷம், நடுவில் 23 நிமிஷம், முடிவில் 52 நிமிஷம் வித்தியாசம். அதே ஊரில் அறுபது வருஷத்துக்கு முந்திய கதை இன்னும் சுவையானது. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கக் கப்பலேறி வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீ, 1761ல் நடுக்கடலில் மாட்டிக்கொண்டார். எட்டு வருஷம் காத்திருந்து 1769 ஜூன் 4 அன்று புதுச்சேரியில் தொலைநோக்கியோடு நின்றபோது மேகம் மறைத்துவிட்டது. புதுச்சேரியில் இருந்த நாட்களில் அவர் தமிழர்களின் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் நீளத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாகவும், ஐரோப்பாவில் பேர்போன மேயரின் அட்டவணை 68 விநாடி கூடுதலாகவும் இருந்தது என்று எழுதி வைத்தார். ஒரு கிரகணத்தை வைத்து யார் பெரியவர் என்று முடிவுகட்ட முடியாதுதான். இருந்தாலும் படிக்கும்போது சிரிப்பு வருகிறது.

கோட்பாடு தெரியாதவரா?

வாரன் அந்தப் பஞ்சாங்கக்காரரின் நினைவாற்றலை மெச்சுகிறார். கூடவே, வானியல் கோட்பாடு அவருக்கு ஒன்றுமே தெரியாது என்றும் சொல்கிறார்.

1952ல் ஆட்டோ நாய்கெபாயர் என்ற வரலாற்றாசிரியர் வாரனின் குறிப்பை எடுத்துத் தமிழ் வானியல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 248 நாளுக்கு 9 சுற்று என்பது பாபிலோனியர்களின் களிமண் பலகைகளில் இருக்கிறது. 248ம் 3,031ம் சேர்ந்து, எகிப்தில் கிடைத்து இப்போது மான்செஸ்டர் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கும் கிரேக்கப் பாப்பிரஸ் ஒன்றில் இருக்கின்றன. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தொகுத்த பஞ்சசித்தாந்திகையிலும் இருக்கின்றன. பாபிலோனில் வழக்கு ஒழிந்து, அந்த எழுத்தைப் படிக்கவே ஆளில்லாமல் போன பின்னும், அந்த எண் புதுச்சேரித் தரையில் சோழிகளுக்கு நடுவே ‘தேவாரம்’ என்ற பெயரில் உயிரோடு இருந்திருக்கிறது. கணிப்பு எத்தனை நிமிஷம் பிசகியது என்பதைவிட இதுதான் பெரிது என்றார் அவர். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

ஆனால் ‘கோட்பாடு தெரியாது’ என்பதில் எனக்கு ஒரு மனக்குறை. கோட்பாடு எங்கும் போகவில்லை, எண்ணுக்குள் போய்விட்டது. சந்திரனின் வேகம் ஏன் மாறுகிறது, பின்னத்தை எப்படி அடக்குவது, எந்த நாளில் தொடங்கினால் மீதி விழாது என்று யாரோ பல தலைமுறை யோசித்து, முடிவை மட்டும் நான்கு எண்களாக, நான்கு சொற்களாகச் சுருக்கித் தந்தார்கள். அவற்றைச் சுமந்தவர் வெறும் மனப்பாடக்காரர் என்றால், கைபேசியில் வழி பார்த்துப் போகிற நாம் எல்லாரும் யார்?

சரி, அதோடு நிறுத்தினால் அது பெருமை பேசுவதாகிவிடும். மறுபக்கமும் இருக்கிறது.

இன்றைய அளவுப்படி 110 சுற்றுக்கு 3,031 நாள் என்பது முக்கால் நிமிஷம் கூடப் பிசகாத பொருத்தம். 12,372 அவ்வளவு இல்லை, சுற்றுக்குச் சுமார் 10 நிமிஷம் விலகுகிறது. அதை உருவாக்கியவர்கள் கையாண்ட அளவுக்கு அது மிகச் சரி, அந்த அளவுதான் மெய்யான அளவிலிருந்து நூலிழை தள்ளி இருந்தது. 1282இலிருந்து இன்றுவரை 21 சுற்று முடிந்திருக்கிறது. 21 பத்து, 210 நிமிஷம். அதாவது அந்த வெள்ளிக்கிழமை உதயத்தில் சரியாக உச்சத்தில் தொடங்கிய கணக்கு இப்போது மூன்றரை மணி நேரம் நகர்ந்துவிட்டது. இதைத் திருத்த, எண் எப்படிப் பிறந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். தேவாரம் என்ற சொல் 248ஐச் சொல்லும், 248 ஏன் என்று சொல்லாது.

கேரளத்தில் அந்த ‘ஏன்’ பிழைத்திருந்தது. சங்கமகிராம மாதவன் வாக்கியங்களை விகலை வரை நுட்பமாக்கினார். பரமேசுவரன் பல பத்தாண்டு வானத்தைப் பார்த்து, 1431ல் திருக்கணித முறையைத் தந்தார். புதுமன சோமயாஜியின் ‘கரணபத்ததி’ இப்படிப்பட்ட எண்களை எப்படிச் செய்வது என்றே சொல்லித்தருகிறது. நம் பக்கம் அந்தத் திருத்தம் பெரிய அளவில் வந்தது 19ஆம் நூற்றாண்டில். அதைச் செய்தவர்களில் முக்கியமானவர் சிந்தாமணி ரகுநாதாசாரியார். வாரன் ஒரு காலத்தில் கவனித்துக்கொண்ட அதே சென்னை வானாய்வகத்தில் உதவியாளர். 1874 வெள்ளிக் கடப்பைப் பற்றித் தமிழிலும் சிறு நூல் வெளியிட்டவர். பார்த்த வானத்தோடு ஒத்துப்போகும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை அவர் போட்டார், எதிர்ப்பும் வாங்கிக்கொண்டார்.

எங்கள் வீட்டு ஆணிக்கும் பக்கத்து வீட்டு ஆணிக்கும் நடுவில் இருக்கிற சண்டையின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு பக்கம் எண்ணை விடாமல் காப்பாற்றியவர்கள், இன்னொரு பக்கம் எண்ணைத் திருத்தத் துணிந்தவர்கள். முதலாமவர்கள் இல்லை என்றால் நமக்கு 16,00,984 என்ற எண்ணே வந்து சேர்ந்திருக்காது. இரண்டாமவர்கள் இல்லை என்றால் அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரிந்திருக்காது.

அடுத்த சந்திர கிரகணத்துக்கு வாக்கியக் கணக்கு எத்தனை நிமிஷம் தள்ளி வருகிறது என்று போட்டு வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் உட்காருவதாக இருக்கிறேன். சோழி வாங்கியாயிற்று. 248 வாக்கியத்தில் இதுவரை பதினொன்று மனப்பாடம்.